பல்பு போடாத ஸ்டார்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. என் பேத்தி அழுது அடம்பிடித்ததில், பிள்ளையார் படம் மாட்டிய எங்கள் வாசலிலும் ஒன்று தொங்கியது. பொழுது சாய்ந்ததும் எல்லா ஸ்டாருக்குள்ளும் பல்பு எரியும். சந்தின் கடைசி வீட்டில் மட்டும் எரியாது. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய பெரிய ஸ்டார் அது. விருந்தில் மரியாதை குறைந்துவிட்டதென்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்ட மாப்பிள்ளை மாதிரி, முருங்கைக் கிளையில் இருட்டாகத் தொங்கும்.

கரண்ட் இல்லாத வீடல்ல. பல்பு வாங்க வக்கில்லாத வீடும் அல்ல. அந்த வீட்டுக்காரி அப்படி.

என் வாய் சும்மா இருக்குமா. முதல் வருடமே கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, உங்க ஏசு கரண்டு போன நேரத்துலயா பொறந்தாரு?"

"ஆமாண்டி. அதான் நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதினால் மேலேயிருந்து இறங்கி வந்து, இந்த அறையின் லைட்டை அணைத்துவிட்டுப் போவாள். அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

லைட்டை அணைப்பதுதான் அவள் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் கை சுவிட்சுக்குப் போகும். "எதுக்குடி ரெண்டு ட்யூப்லைட்டு? மூஞ்சி தெரியறதுக்கு ஒண்ணு போதும். உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி" என்பாள். கார்த்திகைக்கு நான் வாசலில் விளக்கு வைத்தால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். கேட்டதற்கு, "அது நல்ல லைட்டு. எண்ணெ தீந்தா அதுவே அணைஞ்சிடும், யாரும் சொல்ல வேணாம்" என்றாள்.

ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூ கம்பெனி வாசலை மிதிக்காத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்கா இருந்தது ஃபினிஷிங்கில், கடைசிச் செக்கிங். தலைக்கு மேல் வரிசையாக ட்யூப்லைட். அதன் கீழே ஒவ்வொரு ஷூவாகத் திருப்பித் திருப்பி, நூல் பிரிந்திருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, தோலில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளவயதில் போய் உட்கார்ந்தவள் தலை நரைத்து எழுந்து வந்தாள். "கண்ணுக்குள்ளயே ஒரு ட்யூப்லைட்ட மாட்டி அனுப்பிட்டாங்கடி. மூடினாலும் எரியுது" என்பாள். கம்பெனியில் கொடுத்தனுப்பிய சுவர்க் கடிகாரத்தின் முள் இருட்டில் பச்சையாக மினுங்கியது. அதன் மேலும் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

கண்ணுக்கு இருட்டு வேண்டும் என்றுதான் முதலில் பின்பக்கத்துத் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்த இடத்தில் மின்மினி இருந்தது. அதற்கப்புறம் இருட்டு அவளுக்காகவா, மின்மினிக்காகவா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பேரணாம்பட்டு ரோட்டில் கம்பெனி வேன் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே வளைந்து வருவது எங்கள் சந்து. ஒரு பக்கம் வீடுகள். இன்னொரு பக்கம் சீமைக்கருவேல முள்ளும் ஒரு கால்வாயும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மழை விட்ட சாயங்காலத்தில் அந்த முள்ளுக்காடு முழுக்க மின்மினி எரியும். யாரோ ஜரிகைப் புடவையைத் துவைத்து முள்ளின் மேல் காயப் போட்ட மாதிரி இருக்கும். அப்புறம் கால்வாயில் தோல் பதனிடும் ஷாப்புத் தண்ணீர் வந்தது. ஏரிப் பக்கம் மனை போட்டார்கள். வீட்டுக்கு வீடு வெள்ளை லைட் வந்தது. மின்மினி எப்போது போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்த விருந்தாளிகூடப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அது சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது அக்காவின் தோட்டத்தில் மட்டும்தான்.

தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பார்த்தால் குப்பைமேடு. வாழை, முருங்கை, சேப்பங்கிழங்கு, டிசம்பர் பூச்செடி. பாத்திரம் கழுவும் தண்ணீர் அதன் வேரெல்லாம் நனைத்துக்கொண்டு ஓடும். விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடக்கும். கம்பெனியில் மேசையில் ஒரு நூல் கிடக்க விடாதவள், தோட்டத்தில் துடைப்பத்தைத் தொட மாட்டாள். செடிக்கு மருந்தும் அடிக்க மாட்டாள். ஓசூரில் வேலை பார்க்கும் அவள் மகன், அம்மா வழுக்கி விழப்போகிறாளே என்று சிமெண்ட் போட ஆள் அனுப்பினான். வந்தவர்களுக்கு டீ கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

"குப்பைய வாரினா இன்னாக்கா போயிடும்?" என்று கேட்டேன்.

"உன் கட்டிலை எடுத்துக் குப்பையில போட்டா நீ எங்க படுப்ப?"

மின்மினி மேலே பறப்பது கொஞ்ச நாள்தான் என்பாள். அதற்கு முன்னால் மாசக் கணக்கில் அது புழுவாக ஈர இலைக்கு அடியில் கிடக்கிறது. வாலில் சின்ன வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நத்தையைத் தேடித் தேடித் தின்கிறது. அதைக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறாள். பறக்கிறவன் ஆண், தரையில் புல்லோடு ஒட்டிக்கொண்டு பதில் வெளிச்சம் காட்டுகிறவள் பெண் என்றும் சொன்னாள்.

"நடுவுல பெரிய லைட்ட போட்டுட்டா அவனுக்கு அவ தெரிய மாட்டாடி. சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போய்டுவான்."

"எங்க கல்யாணம் ட்யூப்லைட்டுலதான் நடந்துச்சு. அதான் எங்க வூட்டுக்காரு என்னைச் சரியாப் பாக்காமலே கட்டிக்கினாரு."

"பாத்திருந்தா அவனும் பறந்திருப்பான்" என்றாள் அக்கா.

எனக்கு அவளிடம் ஒரு விளையாட்டு உண்டு. இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாக, "அக்கா, அசையாத. உன் தலைல ஒண்ணு உக்காந்துகினு கீது" என்பேன். அவ்வளவுதான். மூச்சைக்கூட அளந்து விடுவாள். கழுத்து அப்படியே நின்றுவிடும். நான் வீட்டுக்குப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். "கீதாடி இன்னும்?" என்று உதடு மட்டும் அசையும். "எது?" என்பேன். பக்கத்தில் கிடக்கும் தேங்காய் மட்டை என்னைத் தேடி வரும். எத்தனை முறை ஏமாற்றினேனோ. ஒரு கட்டத்துக்கு மேல் அவள் என்னை நம்புவதை விட்டுவிட்டாள். சந்தில் தீப்பிடித்துவிட்டது என்று நான் ஓடி வந்தாலும், வேறு யாராவது சொல்லட்டும் என்று உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. பச்சைத்தோல் உப்புப் போட்டு வரும். அதை உதறிப் போடுவது அவர் பிரிவு. உதறின உப்பு அழுக்கு நிறத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும், கேட்பாரில்லாமல். அக்கா தோட்டத்து நத்தைகள் சுவரேறி வந்து எங்கள் கீரைப்பாத்தியை ஒரு மழைக்காலம் முழுக்க மேய்ந்தன. எங்களுக்கு மட்டுமில்லை, அக்காவுக்கும் இது தொல்லைதானே என்று இவராக நினைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம், மூட்டை நிறைய அந்த உப்பைச் சைக்கிளில் கொண்டுவந்து, வாழையடியில் கோலமாவு மாதிரித் தூவிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பைபிளும் கையுமாக அக்கா வந்தாள்.

"நத்தை தொல்லை தீந்துச்சுக்கா" என்றார் இவர்.

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் உப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"நத்தை போச்சு தம்பி. அத்த தின்றதுங்க எங்க போவும்?"

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து, கூடை கூடையாக மேல்மண்ணை வாரிக் கொண்டுபோய்க் கொட்டினார். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த மனிதர் அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மூலையில் அருகம்புல்கூட வரவில்லை. தோட்டத்தின் மற்றப் பக்கத்திலும் மின்மினி குறைந்துபோனது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நான் துடைப்பத்தை எடுத்தால் இவர், "எலைய வுடு. கெடக்கட்டும்" என்பார். குழம்பில் உப்புக் குறைந்தாலும் கேட்பதில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் சந்துக்கு லைட்டுக் கம்பம் வருவதாக ஆனது.

கேட்டது என் மருமகளும் அவளோடு ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களும். வேன் அவர்களை ரோட்டில் இறக்கிவிடும்போது இருட்டிவிடும். அங்கிருந்து உள்ளே நடந்து வர வேண்டும். ஒரு நாள் பைக்கில் வந்த ஒருத்தன், எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டே ஒரு பெண்ணோடு பாதிச் சந்துவரை கூடவே வந்தான். அந்தப் பெண் வீடு வந்து சேர்ந்து, கதவுக்குத் தாழ் போட்டு, ஜன்னலையும் சாத்தினாள். லைட் வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு. கவுன்சிலரிடம் போய்ச் சொன்னார்கள். ஆள் வந்து, அக்கா வீட்டு மதிலை ஒட்டிக் குழி தோண்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் பெண்கள் வேன் இறங்கி வரும்போது அக்கா அந்தக் குழியருகே நின்றிருந்தாள். நானும் நின்றிருந்தேன்.

"பெரிம்மா, இதுல மட்டும் குறுக்க வராதீங்க" என்றாள் என் மருமகள். "நாங்க எவ்ளோ பயந்துகினு வர்றோம்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்மா. நானும் இதே வழியா வந்தவதான்."

"அப்பறம்? பூச்சிக்குப் பாக்கறீங்க, பொண்ணுங்களுக்குப் பாக்க மாட்டீங்களா?"

என் மருமகள் சொன்னது நியாயம். அது அக்காவுக்கும் தெரிந்தது. தோட்டத்தில் மிஞ்சியிருந்த மின்மினியும் கொஞ்சம்தான். அதன் தலைக்கு மேல் வெள்ளை லைட் எரிந்தால் அந்த மழைக்காலத்தோடு அதுவும் முடிந்துவிடும். குழியைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள்.

"லைட்டு வேணாங்கல" என்றாள். "வேன் நிக்குற எடத்துல போடச் சொல்லுங்க. அவனுங்க நிக்குறது அங்கதான், மூஞ்சி தெரியட்டும். அங்கேர்ந்து உங்க உங்க வாசல் வரைக்கும் நான் இட்டுக்கினு வர்றேன். நான் வராத அன்னிக்கு, இந்தக் குழில கம்பத்த நட்டுக்குங்க."

ஒரு பெண் சிரித்துவிட்டாள். "நீ வந்து இன்னா ஆயா பண்ணுவ?"

"கத்துவேன். நான் ஃபினிஷிங்குல கத்துனா கட்டிங் செக்ஷன்ல கத்திரிக்கோல் கீழ வுழும்."

பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். நான்கு நாள் வருவாள், அப்புறம் கால் வலிக்கும் என்று நினைத்திருப்பார்கள். குழியை மூடவில்லை. மதிலடியில் அது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அக்கா பரணிலிருந்து ஸ்டாரை இறக்கினாள். அதன் ஒரு மூலையில் ஒட்டியிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளைக் கிழித்து, மடித்து, டார்ச் லைட்டின் வாயில் ரப்பர்பேண்டு போட்டுக் கட்டினாள். சிவப்பு வெளிச்சம் மின்மினியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்றாள். அது அவளிடம் வந்து சொன்னதா என்று நான் கேட்டேன். "நீ சொல்றத விட அது சொல்றது நம்பலாம்" என்றாள்.

மறுநாளிலிருந்து, வேன் வரும் நேரத்தில் ரோட்டுமுனைப் புது லைட்டின் கீழே அக்கா நின்றாள். மழையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள். காய்ச்சல் நாளில் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றாள். முன்னால் அந்தச் சிவப்பு வட்டம் தரையில் நகரும். பின்னால் பெண்கள், டிபன் பாக்ஸ் சத்தத்தோடு, சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டு வருவார்கள். யாருக்கு எந்த லைனில் டார்கெட் ஏற்றினார்கள், யாருடைய மாமியார் பேஜார் பண்ணுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. என் மருமகள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "உன்ன மாதிரி மாமியார் கெடைக்க புண்ணியம் பண்ணியிருக்கணுமாம்" என்றாள். அவளும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று புரிந்தது.

அந்தப் பைக்குக்காரன் இன்னொரு முறை வந்தான். அக்கா கத்தவில்லை. சிவப்பு டார்ச்சைத் தன் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பல்லில்லாத வாயை முழுதாகத் திறந்து காட்டினாள். வண்டி போன வேகத்தில் அவன் செருப்பு ஒன்று சந்திலேயே கிடந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "பசை சரியில்ல, ரிஜெக்ட்டு" என்று கால்வாயில் போட்டாள்.

எந்த வருடத்திலிருந்து அவள் கண் போக ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வாசல் தண்ணீர் டிரம்மைப் பார்த்து, "சாப்ட்டியாடி?" என்று கேட்டபோது வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தேன். மகன் வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினான். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வாடிப்போய்விட்டது, போன பார்வை திரும்பாது என்றார்களாம். இதை என்னிடம் மட்டும் சொன்னாள். "பொண்ணுங்க கிட்ட உளறாத. குழி அப்படியேதான் கீது" என்றாள்.

நான் உளறவில்லை. ஒரு நாள் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. வேன் வந்தது, அக்கா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது. வெளிச்சமே இல்லை. அது அவளுக்குத் தெரியவில்லை. "பாத்து வாங்க, இங்க கல்லு கீது" என்று அணைந்த டார்ச்சைத் தரையில் காட்டிக்கொண்டே போனாள். கல் அங்கேதான் இருந்தது. யாரும் போனை எடுத்து லைட் போடவில்லை. என் மருமகள் இரண்டு எட்டு முன்னால் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னாம்மா?"

"இருட்டுன்னா எனக்கு பயமா கீது பெரிம்மா. கையப் புடிச்சிக்கினு வர்றேன்."

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பாம்பு வந்தபோது அடித்தவள் என் மருமகள். அன்றையிலிருந்து தினமும் அவளுக்கு இருட்டுக்குப் பயமாகிவிட்டது. மற்றப் பெண்களுக்கும் முறை வைத்துப் பயம் வந்தது. யார் யாரை அழைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதை மட்டும் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேட்டரியை என் மருமகள் மாற்றிப் போடுவாள்.

கண் போன பிறகு தோட்டத்தில் அவள் உட்கார்வது செடியைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா என்ற கணக்கே இல்லை. நான் போனால் கேட்பாள்.

"வந்துச்சாடி இன்னிக்கு?"

"வந்து வரிசைல நிக்குதுங்க. உன் கையெழுத்து வேணுமாம்."

"போடி."

வந்திருந்தாலும் அதே பதில்தான் சொல்வேன், வராவிட்டாலும் அதேதான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். மழை ஏமாற்றிய வருடம் அது. உண்மையில் ஒன்றும் வரவில்லை. ஒரு சாயங்காலம் அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"இருட்ட காப்பாத்தி வச்சிட்டேன். உள்ள யாராச்சும் கீறாங்களா, இல்ல சும்மா காலி வூட்டுக்குக் காவல் காக்கறனா, அதான் தெரியல."

நான் அவள் மடியில் விழுந்திருந்த இலையை எடுத்து வாழையடியில் போட்டேன்.

அக்கா இப்போது இல்லை. அந்தக் குழியில் கம்பமும் இல்லை. அவள் போன பிறகு பெண்கள் சிவப்பு டார்ச்சை முறை வைத்துப் பிடித்துக்கொண்டு கூட்டமாக வருகிறார்கள். நான் சொல்ல நினைத்தது அவள் போவதற்கு முந்தைய டிசம்பரில் நடந்தது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. எல்லா வாசலிலும் ஸ்டார் தொங்கியது. முருங்கையில் அவளுடையதும் ஒரு மூலை கிழிந்தபடி தொங்கியது. தூறல் விட்டிருந்ததால் நானும் அவர்களோடு ரோட்டுமுனை வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். என் மருமகள் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

குழியருகே வந்தோம். இத்தனை வருடத்தில் அது இலையும் மழைத்தண்ணீரும் நத்தையுமாக நிரம்பிப் பாதி தூர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து பச்சையாக ஒரு பொட்டு எழும்பியது. அணைந்தது. கொஞ்சம் மேலே மறுபடி எரிந்தது. சுற்றி வந்தது. பிறகு அவள் வெள்ளைத் தலையில், வகிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அக்கா. அசையாத. உன் தலைல ஒண்ணு உக்காந்துகினு கீது."

அவள் சிரித்தாள். "போடி பொய்க்காரி. சாவப்போற வயசுலயும் அதே புளுகா?"

நின்றுவிடாமல் நடந்தாள். ஆனால் கழுத்தை அசைக்கவில்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவள் மாதிரி, ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்கிற மாதிரி, எட்டு வைத்து எட்டு வைத்துப் போனாள். பின்னால் ஒரு டிபன் பாக்ஸ்கூடச் சத்தம் போடவில்லை.

என் மருமகள் கையை நீட்டி, அவள் பிடித்திருந்த டார்ச்சின் பொத்தானை மெதுவாக அமுக்கி அணைத்தாள். அப்புறம் எங்களுக்கு முன்னால் அந்த ஒரு வெளிச்சம்தான் போய்க்கொண்டிருந்தது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நாங்கள் எல்லோரும் அதன் பின்னால் போனோம்.